திரும்பி வந்த கடிதங்கள்

குலசேகரம்
9 ஆகஸ்ட் 1931

அருமை சாராளுக்கு,

ஏழாம் மாதத்தில் வண்டிக் குலுக்கல் ஆகாது என்று உன்னை அங்கேயே விட்டுவந்தேனே, அது நல்லதாயிற்று. சாத்தான்குளத்திலிருந்து இங்கே வர நான்கு நாள். ஆரல்வாய்மொழிக் காற்று வண்டிக் கூண்டையே பிய்க்கப் பார்த்தது.

ரப்பர்த் தோட்டத்தில் கம்பவுண்டராகி மூன்று மாதமாகிறது. மழை விட்டபாடில்லை. ஈர வேட்டியைத்தான் கட்டுகிறேன். பெட்டியை இன்னும் முழுக்கப் பிரிக்கவில்லை. வந்த மறுநாளே உத்தரத்தில் தொட்டிலுக்குக் கொக்கி அடித்தேன். போன வாரம் அதைப் பிடுங்கி எறிந்தேன்.

இன்று அஞ்சல்காரர் வந்து, நான் உனக்கு எழுதிய ஐந்து கடிதங்களையும் கட்டாக என் கையில் கொடுத்தார்.

"சாரே, இது மகாராஜா அஞ்சலாக்கும். சமஸ்தானத்துக்குள்ளதான் ஓடும். உங்க ஊருக்குப் போட வெள்ளக்காரன் தபால்பெட்டி வேற உண்டு, கேட்டியளா?"

எனக்குப் பெட்டி என்றால் பெட்டிதான். நான் என்ன கண்டேன்?

என் விலாசமே முதல் கடிதத்தில்தான் இருந்தது. அது இல்லாமல் நீ எங்கே எழுதுவாய்? நான்தான் பதில் வராததற்கு, நீ என்னை வேண்டாமென்று விட்டுவிட்டாய் என்று என்னென்னவோ அர்த்தம் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

நாகர்கோவில் போகும் வண்டிக்காரரிடம் இதைச் சரியான பெட்டியில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். உள்ளே பழைய கடிதங்கள் நான்கு இருக்கின்றன. வரிசையாகப் படி. நான்கிலும் உன்னையும் பிள்ளையையும் விசாரித்திருக்கிறேன்.

ஐந்தாவதில் விசாரிக்கவில்லை. அதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கொக்கியைத் திரும்ப அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
நம் பிள்ளையின் தகப்பன்