கார்டில் இல்லாத துடிப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், அண்ணன் நலம், நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மூன்றாவது இடத்தில் பேனா நின்றுவிட்டது. போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லவே முடியாது. முழுவதும் படித்துவிட்டு அழு.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில் ஒரே ஒரு டாக்டர், வரிசையோ வாசலைத் தாண்டி நிற்கிறது. அதனால் அங்கேயும் இப்போது உன்னைப் போல மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், முதலில் அவர்கள் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். அவர்கள் பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க ஆள் கேட்டார்கள். என் மகளும் யாரோ ஒரு கிழவன் வயிற்றில் கை வைத்துத்தானே பழகியிருப்பாள் என்று நானும் பெயர் கொடுத்தேன். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவருக்கு இப்பதான் நடிக்க ஆசை வந்திருக்கு என்று அம்மா கிண்டல் செய்தாள். என்ன நோய் என்று நடிக்க வேண்டும் என எழுதி எனக்குக் கொடுத்த கார்டில் இருந்தது இவ்வளவுதான்: மூன்று நாளாக முதுகுவலி, பாரம் தூக்கியதால் வந்தது, வேறு குறை இல்லை. என்னைச் சோதிக்க வந்தவள் உன் வயதுப் பெண், கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. வயிற்றை அழுத்திக்கொண்டே வந்தவள் தொப்புளுக்கு மேலே கையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், மூலையில் மார்க் போடும் டாக்டரைப் பார்த்தாள், வயிறு சாதாரணம் என்று சொல்லிவிட்டாள். கார்டோடு ஒத்துப்போனதால் முழு மார்க். நானும் அவர்கள் தந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் வந்து நிற்கும்போது பின்னாலேயே ஓடி வந்தாள். ஐயா, உங்க வயித்துல ஒண்ணு துடிச்சுது, நடிக்க வந்தவர்தானேன்னு விட்டுட்டேன், திரும்பி வாங்க என்று அழுதாள். உனக்கு மார்க்தான் போட்டாச்சே, போம்மா என்று சத்தம் போட்டேன். அவள் என் பையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. பஸ் போய்விட்டது.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம், வெடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட நேரம் இருக்காதாம். வியாழக்கிழமை ஆபரேஷன். பயமாக இருக்கிறது பாப்பா. இருமப் பயம், குனிந்து செருப்பு மாட்டப் பயம், தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். நேற்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு போனாள், வெகுநேரம் குளியலறையை விட்டு வரவில்லை. நாளைக்கு அண்ணன் உனக்குப் போன் செய்து ஆபரேஷனைப் பற்றிச் சொல்வான். ஆனால் இதற்குக் கீழே எழுதுவது அவனுக்குத் தெரியாது.

போன லீவில் என்னைச் சோபாவில் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பழகினாயே, உன் கையும் அதே இடத்துக்கு வந்தது. ஒரு நிமிஷம் அசையாம இருங்கப்பா என்றாய். நான்தான் கூச்சம் தாங்காமல் சிரித்து, உன் கையைத் தட்டிவிட்டு எழுந்து போனேன். நான் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் இது உனக்கு ஒருநாள் ஞாபகம் வரும். கத்தியைவிட அந்த நாளை நினைத்துத்தான் எனக்குப் பயம். அன்றைக்கே வேலையை விட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் என் கைப்பட எழுதுகிறேன், கையைத் தட்டிவிட்டது நான். உன் மேல் உனக்கே சந்தேகம் வந்தால் இதை எடுத்துப் படி.

நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீண்ட நாள் இரு. வேளைக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் நீ சேரப்போகும் கிளினிக்குக்கு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்றாய். மற்ற நாளில் என்னைப் போல ஒருவர் சிரித்துக்கொண்டே எழுந்து போகப் பார்ப்பார். அவர் பையைப் பிடித்துக்கொள் பாப்பா, விடாதே.

இப்படிக்கு,
உன் கூச்சக்கார அப்பா