சீட்டில் இல்லாத மாத்திரை

மார்ச் 2, திங்கள்
காலையிலேயே வெயில். மர்பி டவுனில் இன்றும் தண்ணீர் தாமதம்.

வீட்டுக்காரி புஷ்பாவின் முக நரம்பு வலிக்கு டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதிவிட்டார். பழைய நரம்பு மாத்திரை இரண்டு அட்டை மீதி. தூக்கிப் போட மனசில்லை. என் கால் எரிச்சலும் நரம்புதானே. படுக்கப் போகுமுன் ஒன்று என ஆரம்பித்தாயிற்று. அவளுக்குத் தெரியாது.

எனக்கு ஏற்கெனவே ஒன்பது: பிரஷர் 2, சுகர் 3, ஹார்ட் 2, கொழுப்பு 1, கேஸ் 1. கேஸ் மாத்திரை மட்டும் மாதம் முடியுமுன்பே தீர்ந்துவிடுகிறது. மெடிக்கல் ஷாப்காரனைக் கேட்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி
கால் எரிச்சல் பாதிதான். எந்த டாக்டருக்கும் நான் சளைத்தவனில்லை. ஹால் ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாற்றினேன். கையில் நடுக்கம் இல்லை.

மார்ச் 12, வியாழன்
காய்ச்சல், 101. கஞ்சி. கால் சுகம், அதனால் மாத்திரையை விடவில்லை.

மார்ச் 14, சனி
102.5. ஆனாலும் பேப்பர் முழுக்கப் படித்தேன், மூன்று இட்லி. லேப் வாசலில் ஒரு பெண், "தாத்தா ஸ்டெடியா நிக்கிறாரே, பேஷண்ட் யாரு?" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது.

ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். இந்தக் காய்ச்சலுக்கு நாடி இவ்வளவு நிதானமாக ஓடக்கூடாதே என்று டாக்டரம்மா யோசித்தார். நிறைய மாத்திரை சாப்பிடும் வயசானவர்களுக்குச் சில சமயம் மாத்திரையே காய்ச்சல் கொடுக்குமாம். புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"சீட்டுல இருக்கிறதுதான் மேடம், வேற ஒண்ணும் இல்ல."

ஒன்பதையும் ஒப்பித்தேன். பத்தாவது ஞாபகமே வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. வீட்டில் கிடந்த மாத்திரை எப்படிப் புதுசாகும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்
103. நாளை அட்மிஷன். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்களாம். முப்பது வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவன், ஊசிக்குப் பயப்படுகிறேன். அதைவிட இன்னொரு பயம். முகவலி வந்தால் புஷ்பாவால் வாய் திறக்க முடியாது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அவளுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுப்பது யார்?

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். 2ஆம் தேதி. எழுதியது நானேதான். மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் காய்ச்சல்.

ஃபியூஸ் போனால் ஒவ்வொரு லைனாகக் கழற்றித்தான் கோளாறைப் பிடிப்போம். பாவம் டாக்டரம்மா, போர்டில் உள்ள ஒன்பது லைனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கம்பத்தில் கொக்கி மாட்டித் திருட்டுக் கரண்ட் எடுக்கிறேன்.

புஷ்பாவிடம் சொன்னேன். கத்தவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"டாக்டருக்கு போன் போடுங்க. இப்பவே."

போட்டேன். தோலில் தடிப்பு, வாயில் புண் உண்டா என்று கேட்டார். இல்லை. அந்த மாத்திரையை உடனே நிறுத்தி, வந்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். அட்மிஷனும் ஊசியும் மூன்று நாள் தள்ளி.

மார்ச் 18, புதன்
99.8. கால் எரிகிறது. எரியட்டும்.

மார்ச் 19, வியாழன்
98.4. இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். ஊசி வேண்டாமாம். அழுதுவிட்டேன், பாத்ரூமில்.

டாக்டரம்மா அந்த மாத்திரையின் பெயரைச் சீட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதினார். ஆயுசுக்கும் கூடாது. அடுத்த தடவை வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு, யார் எதைச் சாப்பிடுகிறோம் என்று எழுதிக் கொண்டுவர வேண்டும்.

மாலையிலேயே உட்கார்ந்தோம். எனக்கு ஒன்பது, அவளுக்கு ஐந்து. இனி சீட்டில் இல்லாதது வீட்டில் இல்லை என்று தெம்பாகச் சொன்னேன். பையை முடிச்சுப் போட்ட புஷ்பா, மறுபடி அவிழ்த்தாள்.

"உங்க கேஸ் மாத்திரையில ஒண்ணு ரெண்டு நான் போட்டுக்கறேனே, அதையும் எழுதணுமா?"