படலையில் மறித்த இறால்

இஞ்சாருங்கோ,

சோறும் முருங்கைக்காய்க் கறியும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். வீட்டைப் பூட்டித் திறப்பை மச்சாளிடம் கொடுத்திருக்கிறேன்.

நேற்று மச்சாளுக்கென்று நீங்கள் புதுக்குடியிருப்புச் சந்தையில் வாங்கி வந்த இறாலை நான் வாசற்படலையிலேயே மறித்து, பண்ணைக்கு எட்டத்தில் இருக்கும் சபூறா அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. "றால் வளர்க்கிற வீட்டில என்ர அக்காவுக்கு ஒரு றால் கறி இல்லையோ?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே படுத்தீர்கள்.

வெண்புள்ளி நோய் பிடித்த இறாலைச் சாப்பிட்டால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் தலையொன்றைக் காகம் தூக்கிவந்து எங்கள் பண்ணையில் போட்டால், ஒரு கிழமையில் எல்லாம் செத்துக் கரையொதுங்கும். சந்தை இறாலில் நோய் இல்லையென்று யார் சொல்வது?

காலையில் மச்சாள் பண்ணை பார்க்க வந்தார். வாசலில் கிருமி கொல்ல வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் அவரையும் கால் நனைக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்குத்தானே வாசலில கால் கழுவுறவை, எனக்கும் நடக்குது" என்று சிரித்தார். பிறகு, "அவன் கிடக்கிறான், நீ செய்ததுதான் சரி" என்றார்.

ஆய்வுகூடத்திலிருந்து அழைத்தார்கள். எங்கள் இறாலில் நோய் இல்லையாம். சான்றிதழ் எடுக்க முல்லைத்தீவுக்குப் போகிறேன். மூன்று மணி பஸ்ஸில் வந்துவிடுவேன்.

வினோஜா

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன். ஆய்வுகூடத்திலிருந்து அழைத்தபோது, சான்றிதழில் போட வளர்ப்பவர் பெயர் கேட்டார்கள். யோசிக்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். மாற்றவில்லை.