இரண்டு பேரின் எடை

இயேசு மரி சூசை

பஃபலோ ரோடு,
சிங்கப்பூர்.
12 நவம்பர் 1989

அன்புள்ள மகன் அற்புதராஜுக்கு அப்பா சூசைநாதன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

ஆமாம், என் கையாலேதான். நானும் அம்மாவும் சுகம். நீயும் கலிபோர்னியாவில் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். சமூக மன்றத்தில் லீலா டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தேன். டீச்சருக்கு என் பேத்தி வயதுதான். ஆனாலும் நான் எழுந்து நின்றுதான் வணக்கம் சொல்கிறேன். இந்த வயதில் என் கண்ணைத் திறந்துவிட்ட பிள்ளையை உட்கார்ந்துகொண்டு எப்படி வணங்குவது?

உன் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணன் எப்போதும்போல் வாசித்துக் காட்டினார். நீ வேலை செய்யும் பட்டறையில் மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் இப்போது மூன்று வகையாகச் செய்கிறீர்கள், மெத்தென்றது, நடுத்தரம், விறைப்பு, இதில் எது வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாலகிருஷ்ணன் உடனே பேனாவைத் திறந்து, வயதானவருக்கு மெத்தென்றதே போதும் என்று எழுதப் போனார். நான் தடுத்து, பதிலை நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன். "ஒரு ஃபோர்க்குக்காகவாண்ணே எழுதப் படிச்சீங்க?" என்று சிரித்தார். அதற்காகவும்தான், மகனே.

போன வருஷம் நீ அந்தச் சைக்கிளை அனுப்புவதற்கு முன், ஏறப் போகிறவர் எடை என்ன என்று கேட்டிருந்தாய். பாலகிருஷ்ணன் என் எடையை எழுதினார். அறுபது கிலோ. அது பொய்யில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டு, வேண்டாம் என்று எனக்குத் தலையை ஆட்டினாள். அவளும் அதில் ஏறப் போகிறாள் என்பது பாலகிருஷ்ணன் வீட்டுக்குத் தெரிந்தால் இந்த அடுக்குமாடி புளோக் முழுக்கத் தெரிந்துவிடுமாம். ஆகையால் அறுபது கிலோவுக்குத் தகுந்த மெத்தென்ற ஃபோர்க் வந்தது. உன்மேல் ஒரு பிழையும் இல்லை.

அம்மாவுக்கு முட்டி மடங்குவதில்லை. பஸ் படி ஏற முடியவில்லை. டாக்ஸியில் கதவை அடைத்தால் மயக்கம் வருகிறது. மார்க்கெட் பக்கத்துக் காதர் மைதீன் சைக்கிள் கடையில் பின்னால் கேரியர் போட்டுத் தரச் சொன்னேன். அவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மலைச் சைக்கிளா? இங்க ஏதுண்ணே மலை, புக்கிட் தீமா ஒண்ணுதானே!" என்றார். கேரியர் எதற்கு என்று கேட்டார். அரிசி மூட்டை ஏற்ற என்றேன். அம்மா சொல்லிக் கொடுத்தது அது.

ஞாயிறுதோறும் அரிசி மூட்டை சேலை கட்டிக்கொண்டு, ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, பின்சந்துகள் வழியாகவே லூர்து மாதா கோயிலுக்குப் போயிற்று. உனக்காக மாதா சிலை இருக்கும் கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றும். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வரும். அந்த நாட்களுக்காக உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நீ அனுப்பிய சைக்கிளில் அவளுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

ஆகஸ்டில் சுங்கை ரோட்டுப் பக்கம் ஒரு வேன் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். எருமை முன்காலை மடிப்பதுபோல் சைக்கிளின் முன்பக்கம் அமுங்கிவிட்டது. அம்மா வழுக்கிக் கீழே விழுந்தாள். பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஏறவே இல்லை. இப்போது நான் தனியாகப் போய் வருகிறேன். வந்ததும், "திரி நல்லா பத்திக்கிச்சா? காத்துல அணையலியே?" என்று கேட்கிறாள். கண்ணால் பார்க்காததால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

காதர் மைதீன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை அமுக்கிப் பார்த்தார். "மெத்தை மாதிரி இருக்குண்ணே. ரெண்டு பேர் உட்கார்ந்தா பள்ளம் விழத்தான் செய்யும். விறைப்பா ஒண்ணு வேணும்," என்றார். ரெண்டு பேர் இல்லை, அரிசி மூட்டை என்றேன். "அந்த அரிசி மூட்டை மல்லிகைப்பூ வச்சிருந்துச்சே, அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்தேன் லா!" என்றார். கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா இரண்டு நாள் தேக்கா மார்க்கெட் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் தானாகவே, "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன? அவனுக்கு எழுதுங்க," என்றாள்.

விறைப்பாக இருந்தால் உங்கள் மணிக்கட்டு வலிக்குமே என்றும் கேட்டாள். சுமை ஏறியிருக்கும்போது அவ்வளவு உதறாது என்று காதர் மைதீன் சொல்கிறார். வலித்தால் தைலம் இருக்கிறது. பின்னால் இருப்பவள் விழாமல் இருந்தால் சரி. ஆகையால் விறைப்பானதே வேண்டும்.

எடை தெரிய வேண்டுமே. சீனர் அரிசிக் கடைத் தராசில், கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியபோது அம்மா ஏறி இறங்கினாள். எழுபத்து மூன்று கிலோ. எழுபது என்று எழுதச் சொல்கிறாள். நீ என் அறுபதோடு எழுபத்து மூன்றையே கூட்டிப் பார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது எழுபது என்றே வாசிப்பேன். எழுதத் தெரிந்ததில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஃபோர்க்கின் தலையில் இருக்கும் குழாயை நம் சைக்கிளின் கழுத்துக்கு அளந்து வெட்ட வேண்டுமாம். கூடுதலாக வெட்டிவிட்டால் பிறகு ஒட்ட முடியாதாம். அளவு எடுத்துத் தரட்டுமா, உங்கள் பையன் அங்கேயே வெட்டி அனுப்புவானா என்று காதர் மைதீன் கேட்டார். வேண்டாம் என்றேன். பார்சல் வந்தால் நானே வெட்டி மாட்டித் தருகிறேன் என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். சுவரில் தொங்கிய ரம்பத்தைக் கையில் எடுத்து, "சரிண்ணே. பையன் வரட்டும். ரம்பம் நான் தர்றேன்," என்றார்.

ஆகையால் குழாயை வெட்டாதே. பார்சலும் போடாதே. நாங்கள் மாறி வந்த இந்த வீட்டையும் நீ இன்னும் பார்த்ததில்லை. ஜன்னலில் நின்றால் மார்க்கெட் தெரியும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு முடியாவிட்டால் ஈஸ்டர் ஆகட்டும். அம்மா கேரியர் மெத்தைக்குப் புது உறை தைத்து வைத்திருக்கிறாள். அதுவரை மெழுகுவர்த்தியை நான் ஏற்றுகிறேன். அணையாமல் கையால் மறைத்து நின்று பார்த்துவிட்டே வருகிறேன்.

லூர்து மாதா உன் கைகளைக் காப்பாற்றட்டும். அந்தக் கைகளுக்கு இங்கே ஒரு சின்ன வேலை காத்திருக்கிறது.

உன் அப்பா,
சூ. சூசைநாதன்

அம்மா அந்தோனியம்மாளின் முத்தங்கள்.