பையில் இருந்தது என் செருப்பு

கல்முனைக்குடி
11.03.1983

அன்பு மகன் சாலிஹுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். குவைத்தில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மற்றப் புதினங்களுக்கு முன் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. உன் உம்மாவை யாரும் வீட்டை விட்டுத் துரத்தவில்லை. உன் கூட்டாளி மீராசா குவைத்திலிருந்து லீவில் வந்து நின்றபோது, நான் விடியற்காலையில் செருப்புக்கூட இல்லாமல், கையில் துணிப்பையோடு கடற்கரையால் சாய்ந்தமருதுப் பக்கம் போனதைக் கண்டானாம். உண்மை. என் மூத்த மகள், உன் லாத்தா றாஹிலா வீட்டில் நான் தேத்தண்ணி குடித்ததையும் கண்டானாம். அதுவும் உண்மை. இரண்டையும் கூட்டி, என்னோடு இருக்கும் மகள் ஸகியாவும் அவள் மாப்பிள்ளையும் கிழவியைப் பட்டினி போட்டு வெளியே தள்ளிவிட்டார்கள் என்று விடை எடுத்துக்கொண்டு குவைத்துக்கு வந்துவிட்டான். ஈரமணலில் நடந்தால் செருப்பு புதைந்து வார் அறுந்துவிடும், ஆகவே கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். பையில் இருந்தது என் செருப்பு மகன். அவன் நின்று ஒரு சலாம் சொல்லிக் கேட்டிருந்தால் திறந்தே காட்டியிருப்பேன். றாஹிலா வீடு ஒன்றரை மைல், அங்கே கொஞ்சம் இளைப்பாறித் திரும்பிவந்து ஸகியாவின் கையால் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறேன். அதை அவன் காணவில்லை.

நான் ஏன் நடக்கிறேன் என்று உனக்கு எழுதாமல் விட்டது என் பிழைதான். அதை எழுதுவதென்றால் நான் நடக்க முடியாமல் கிடந்ததையும் எழுத வேண்டும், அதற்கு மனம் வரவில்லை. உன் வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் இருந்தேன், அது கடமை. அதற்குப் பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தது வெறும் சோம்பல். ஸகியா தண்ணீரையும் கையில் தந்தாள், வெற்றிலைத் தட்டத்தையும் கையில் தந்தாள், அன்பினால்தான் செய்தாள், ஆனால் நோன்பு வந்தபோது எனக்கு முழங்கால் மடங்கவில்லை. பக்கத்து வளவு ஆயிஷா உம்மா வீட்டில் பெண்கள் இரவில் தராவீஹ் தொழக் கூடினால் நான் மட்டும் பின்னால் கதிரையில். எல்லாருடைய நெற்றியும் பாயில், என் நெற்றி காற்றில். பெருநாள் கழிந்ததும் கனகரெத்தினம் டொக்டரிடம் போனேன். சீனி வருத்தத்துக்குக் குளிசை எழுதிவிட்டு, இது பாதி வேலைதான் செய்யும் உம்மா, மிச்சத்தை உங்கட கால்தான் செய்யவேணும் என்றார். மூட்டு தேய்ந்துபோயிற்றா என்று கேட்டேன். தேயவில்லை, துருப்பிடித்துக் கிடக்கு என்று சிரித்தார். சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் தொடங்கினேன். முதல் நாள் சுவரைப் பிடித்துக் கிணற்றடி மட்டும். பத்து நாளில் வாசல் படலை. பிறகு ஒழுங்கை முடிவு, அதற்குப் பிறகு கடற்கரை. சின்ன வயதில் மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களைக் காலையில் வரிசையாக நிறுத்தி ட்ரில் செய்விப்பார்கள், முதுகு வளைந்தால் பிரம்பு நுனியால் தொடுவார்கள். அதையும் பின்வளவில் செய்தேன். நான் கையை மேலே தூக்கி ஒன்று இரண்டு என்று எண்ணுவதை வேலிக்கு மேலால் கண்ட ஆயிஷா உம்மா, புருசன் மௌத்தான கவலையில பாவம் என்னவோ புடிச்சிட்டு என்று சொல்லி, ஓதின தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்தா. வீணாக்காமல் குடித்தேன். இப்போது அவவும் வந்து என்னோடு கையைத் தூக்குகிறா, மூச்சு வாங்கினால் ஆறுக்குப் பிறகு பத்து என்று எண்ணுகிறா.

மாரியில் வெளியே இறங்க முடியாமல் போனபோது மருமகன் முத்தலிப் ஹோலில் இருந்த கதிரைகளையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, இந்தாங்க மாமி உங்கட றோட்டு என்றார். மழை ஓய்ந்ததும் அந்த றப்பர் செருப்பை வாங்கித் தந்ததும் அவர்தான். இப்போது கரைவலைக்காரர் எல்லோருக்கும் என்னைத் தெரியும். மூத்தம்மா, வந்து வலையில ஒரு கை புடிங்க, உங்களுக்கும் பங்கு தாறம் என்று ஒருவன் பகிடி பண்ணினான். முதலில் உன்ர வயித்த உள்ளுக்கு இழு, பிறகு வலைய இழுப்பம் என்றேன். போன மாதம் ஒரு நாள் விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்குக் கதிரையை எடுக்காமல் பாயில் நின்றேன். குனிந்தேன், கையை ஊன்றி மெல்ல இறங்கினேன், நெற்றி பாயில் பட்டது. எழும்ப மனம் வரவில்லை. ஸகியா பயந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, கதவடியில் நின்று அழுதாள்.

இந்தச் சந்தோசத்துக்குள்தான் முத்தலிபுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. அதில் திகதியும் இல்லை, மரியாதையும் இல்லை. உம்மாவுக்குத் தனி வீடு கட்டிக் கொடுப்பேன், உங்கட தயவு தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். மகளுக்குக் கொடுத்த வீட்டில் உம்மா இருப்பது நம் ஊர் வழக்கம். மகன் தனி வீடு கட்டத் தொடங்கினால் மருமகனை ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாயா? அவர் முற்றத்தில் நின்றபடி வாசித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றிலிருந்து பகல் சோற்றைத் தன் கடைக்கு அனுப்பச் சொல்கிறார். நான் கடற்கரையால் நடக்க, மாமியைத் தான் பார்த்துக்கொள்வதை ஊர் காணட்டும் என்று அவர் றோட்டால் காரை ஊர்ந்து ஓட்டி, ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். மூத்தம்மாக்குப் பொலிஸ் காவல் போட்டிருக்கு என்று வலைக்காரர் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்புத்தான். மூன்றாம் நாள் இறங்கிவந்து, ஏறுங்க மாமி, எனக்காக ஏறுங்க என்றார். முகத்தைப் பார்த்தேன், ஏறிவிட்டேன். வீட்டில் ஸகியா, நடைய விடுங்க உம்மா, அவர் சோத்துக்கு வீட்ட வரட்டும் என்று கேட்டாள். உன் பதில் வரும்வரை நடப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்றோடு ஆறு நாள். ஹோல் கதிரைகளை ஒதுக்கித் தாருங்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு முகமில்லை. இன்று சுபஹில் எழும்பும்போது வலது முழங்கால் இடக்குப் பண்ணியது. ஆறு நாளுக்கே இப்படியென்றால் கடிதம் போய்வர எடுக்கும் ஆறு கிழமைக்கு எப்படி என்று நீயே பார்.

நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். சட்டையின் நடுப்பொத்தான் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே ஏசி அறையில் இருக்கிறாய், லிப்டில் இறங்குகிறாய், காரில் ஏறுகிறாய். உன் வாப்பாவும் கடைசிக் காலத்தில் தெருமுனைப் பள்ளிக்குக் காரில்தான் போனார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அரை மணித்தியாலம் நட, மூன்று மாடிதானே, படியால் ஏறு. இரவுச் சோற்றைப் பாதியாக்கு. மீராசாவையும் கூட்டிக்கொண்டு போ, நடந்தால் அவனுக்கும் கதை குறையும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், நடக்கக் காலும், கேட்டு விசாரிக்கிற பொறுமையும் தரட்டும். நான் சொல்வது ஒன்றுதான். உன் முத்தலிப் மச்சானுக்கு நீ உன் கையால் எழுது. கசெட்டில் கதைத்து அனுப்ப வேண்டாம், வருகிற ஆட்களிடம் சொல்லியனுப்பவும் வேண்டாம். மன்னிப்பு என்ற சொல்லைச் சுற்றிவளைக்காமல் போடு. கடையில் நாலு பேருக்கு முன்னால் அவர் வாசிக்கக்கூடிய கடிதமாக இருக்கட்டும். கடை விலாசத்துக்கே அனுப்பு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுதித் தபாலில் போடு மகன்.

உன் உம்மா,
செய்னம்பு