அன்றைக்கு அவன் ஆட்டியது ‘சரி’ என்றுதான், அண்ணே

பாசமுள்ள ரேமோன் அண்ணே,

மேலே சோறு கிடைக்கிறதா? மூன்று வேளையும் சோறு இல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடுமே உங்களுக்கு, அதனால்தான் முதலில் இதைக் கேட்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்து கோணலாக இருக்கும். மைதானத்துச் சுண்ணாம்புக் கோடு மட்டும்தான் எனக்கு நேராக வரும். அது உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டம்மாவின் கடிதம் வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று நம் கேப்டன் பாண்டிதான் படித்துச் சொன்னான். அவன் இப்போது திருமங்கலத்தில் பேங்க் வேலையில் இருக்கிறான். தொப்பை வேறு. பார்த்தால் இருபது சுற்று ஓடவிடுவீர்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் எங்கள் காலேஜுக்குக் கோச்சாக வந்தீர்கள். மணிலாவில் சம்பளத்துக்குப் பாஸ்கெட்பால் ஆடியவர் என்றார்கள். பந்தாடினால் சம்பளமா என்று வாயைப் பிளந்தேன். கோரிப்பாளையத்தில் உதட்டைக் குவித்து வாழைப்பழத்தைக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஊரில் விரலுக்குப் பதில் உதடு. பழக்கார அக்காவுக்கு அது தெரியுமா? “யோவ், யாருய்யா இந்தாளு? எனக்கு முத்தம் குடுக்குறான்!” என்று சீப்பை ஓங்கிவிட்டாள்.

இன்னொன்றும் கவனித்தேன். நாங்கள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் சரி என்று அர்த்தம். நீங்கள் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டீர்கள். டீ இருக்கிறதா என்று கேட்பீர்கள், கடைக்காரர் தலையாட்டுவார், நீங்கள் பாவமாகத் திரும்பி வருவீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. பசங்கள் வாய் திறந்து ‘எஸ் சார்’ என்பதால் மைதானத்தில் குழப்பம் வரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. இம்புட்டு நல்ல வேடிக்கையை யார் கெடுப்பது?

அப்புறம் அந்தக் கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் அடுத்த வருஷமும் உங்களுக்கு வேலை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. முடிய இரண்டே நிமிஷம். கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்த பாண்டியிடம், மறுபடி இறங்குகிறாயா என்று கேட்டீர்கள். அவன் வாய் நிறையத் தண்ணீர். தலையை மட்டும் ஆட்டினான். நீங்கள் அவன் தோளைத் தட்டிவிட்டு வேறொருவனை இறக்கினீர்கள். சார் முடிவை எதிர்த்துக் கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

சுண்ணாம்பு வாளியோடு நின்ற எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். ஆனால் முதலில் சிரிப்பு வந்தது, அண்ணே. சிரித்து முடிப்பதற்குள் அந்த இரண்டு நிமிஷமும் ஓடி, கடைசி விசில் ஊதிவிட்டார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜங்ஷனில் நீங்கள் ரயில் ஏறும்போது, “கம் பேக், அண்ணே?” என்று கேட்டேன். புருவத்தை மட்டும் தூக்கினீர்கள். என் இங்கிலீஷ் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாட்களில் உங்களுக்குப் பேச்சு இல்லையாம். மதுரைக்கு ஒருமுறை போவோமா என்று வீட்டம்மா கேட்டாராம், நீங்கள் புருவத்தைத் தூக்கினீர்களாம். ‘எங்கள் ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம்’ என்று எழுதியிருக்கிறார்.

அந்த வரியில்தான் உடைந்துபோனேன். பாண்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கடிதத்தை மடித்தபடி, “இம்புட்டு வருஷமா, கால் ஒடிஞ்ச மாடுன்னு சார் என்னைய ஒதுக்கிட்டாருன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்ணே” என்றான். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். பிறகு டீயும் வாங்கிக் கொடுத்தான்.

அவனுக்குச் சொல்லியாயிற்று. உங்களுக்கு யார் சொல்வது? அன்றைக்கு அவன் உங்களைக் கைவிடவில்லை, அண்ணே. ஒற்றைக் காலிலாவது ஆடியிருப்பான்.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று நானும் புருவம் தூக்கிப் பழகுகிறேன். “இந்த வயசுல யாருக்குய்யா சாடை காட்டுற?” என்கிறாள் என் வீட்டுக்காரி.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த வெளியூர்க்காரர் மைதானத்துக்கு வந்தாலும் எங்கள் தலையாட்டலை முதலில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். சிரிப்பெல்லாம் அப்புறம்தான். அங்கே வந்து சேரும் அன்றைக்கு, என்னை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்பேன். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். இந்த முறை புருவத்தைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

‘தம்பி’ என்று மட்டுமே நீங்கள் கூப்பிட்ட,
கோடு போடும் காசி
ஆனையூர்