கைடில் இருக்கிற அத்தா

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். அனகாபுத்தூர் வீட்டுல உங்க புதுப் பாப்பா நடக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு உங்க தம்பி வீட்டுச் சாச்சி சொன்னாங்க. சந்தோஷம்.

பிளஸ் டூ இங்கிலீஷ் டெஸ்ட்ல 'என் தந்தை' கட்டுரை வந்துச்சு. எல்லாரும் கைடை மனப்பாடம் பண்ணி எழுதினோம். அதுல அப்பா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார், பக்கத்துல உக்காந்து பாடம் சொல்லித் தருவார். நானும் ஒரு வரி விடல.

"கிளாஸ் முழுக்க ஒரே அப்பாதானா?"ன்னு மிஸ் திட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் பேப்பர்ல மட்டும்தான் நீங்க மத்தவங்க அப்பா மாதிரியே இருந்தீங்க.

நாளைக்குச் சொந்தமா எழுதிட்டு வரணுமாம். அம்மாகிட்ட சொன்னேன்.

வேற கைடு வாங்கித் தர்றேன்னாங்க.

இப்படிக்கு,
உங்க சேலையூர் மகள்